சேதமடைந்த காசுகளின் தடத்தில்: தங்கசாலை முதல் அக்னி தீர்த்தம் வரை

புழக்கத்தில் கிடைக்கும் நாணயங்களில் உருக்குலைந்தவை தனி இனம். நசுங்கியவை, துளையிட்டவை, வெட்டுப்பட்டவை, நடுவில்லை கழன்றவை, உப்பில் அரிபட்டவை எனக் கடைக்காரரின் கல்லாவுக்கும் நடத்துநரின் பைக்கும் கோயில் உண்டியலுக்கும் இவை வந்து சேர்கின்றன. வாங்க மறுப்பவர்கள்தான் அதிகம். ஆனால் ஒரு காசில் எந்தக் காயம் எப்போது, எதனால் பட்டது என்று பிரித்தறியத் தெரிந்துவிட்டால், அந்தக் காசு கடந்துவந்த பாதையை அதன் உடம்பிலேயே படித்துவிடலாம். அந்தப் படிப்புக்குத் தமிழ்நாட்டில் மிகப் பொருத்தமான தடம் ஒன்று இருக்கிறது. சென்னையில் புறப்பட்டு, திருச்சியில் இறங்கிக் கரூர் போய்த் திரும்பி, புதுக்கோட்டை வழியாக ராமேஸ்வரம் சேரும் ரயில் பாதைதான் அது. பழைய நாணயச்சாலை இருந்த தெரு, ஆற்று மணலில் காசு கிடைக்கும் ஊர், உளியால் வெட்டிய ரோமானியப் பொற்காசுகள் புதையலாக வெளிப்பட்ட மாவட்டம், காணிக்கைக் காசை உப்பு தின்னும் கடற்கரை ஆகிய நான்கும் இந்தத் தடத்தில் அமைந்துள்ளன.

சென்னை: காசு பிறக்கும் வரிசை

முதல் நிறுத்தம் ஜார்ஜ் டவுனின் தங்கசாலைத் தெரு. கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச்சாலை இங்கே இயங்கியதால் தெருவுக்கு இந்தப் பெயர் வந்தது. அந்த நாணயச்சாலை 1869இல் மூடப்பட்டது. பின்னாளில் வளாகம் அரசு அச்சகத்தின் இடமாயிற்று. இன்று இந்திய நாணயங்கள் மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய நான்கு ஊர்களில் அச்சாகின்றன. ஆண்டு எண்ணை ஒட்டியுள்ள சிறு குறியே ஊரைச் சொல்லிவிடும்: மும்பைக்கு வைர வடிவம், ஐதராபாத்துக்கு ஐந்துமுனை நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தாவில் அச்சான காசில் குறி எதுவும் இராது.

சேதத்தை இனங்காண, காசு உருவாகும் வரிசை முதலில் தெரிய வேண்டும். உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகள் வெட்டி எடுக்கப்படுகின்றன. வில்லையின் ஓரம் உருட்டி அழுத்தப்பட்டுச் சற்றே உயர்த்தப்படுகிறது. பிறகு அதை ஒரு வளையத்துக்குள் வைத்து, மேலும் கீழுமாக இரண்டு அச்சுகள் பெரும் அழுத்தத்தில் மோதுகின்றன. அச்சிலுள்ள பள்ளங்களுக்குள் உலோகம் பாய்ந்து, எழுத்தும் உருவமுமாக எழும்புகிறது. ஆகவே ஒரு காசில் குறை நேர மூன்று காலங்கள் உண்டு: வில்லையாக இருக்கும்போது, அச்சு விழும்போது, நாணயச்சாலையை விட்டு வெளியே வந்த பிறகு. முதல் இரண்டிலும் நேர்பவை அச்சுப்பிழைகள். மூன்றாவதில் நேர்பவை புழக்கச் சேதங்கள். ஒரு விசித்திரமான காசு கைக்கு வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அதன் குறை இந்த மூன்றில் எந்தக் காலத்தது என்பதே.

அதற்கு மூன்று எளிய சோதனைகள் போதும். முதலாவது, மேடா பள்ளமா என்று பார்ப்பது. அச்சில் விரிசல் இருந்தால் உலோகம் அதற்குள்ளும் புகும். காசின் மேல் அது மேடான கோடாகத் தெரியும். காசு வெளியே வந்தபின் ஆணியோ கல்லோ கீறினால் பள்ளம்தான் விழும். ஒதுங்கிய உலோகம் பள்ளத்தின் இரு கரையிலும் மெல்லிய வரப்பாக நிற்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது, எடை. 2011 முதல் வெளிவந்த ரூபாய்க் குறியீடு கொண்ட வரிசையில் ஒரு ரூபாய் 3.79 கிராம், இரண்டு ரூபாய் 4.85 கிராம், ஐந்து ரூபாய் 6 கிராம், பத்து ரூபாய் 7.71 கிராம். விட்டம் முறையே 22, 25, 23, 27 மில்லிமீட்டர். வடிவம் கெட்டும் எடை மாறாமல் இருந்தால் காசு நசுக்கப்பட்டிருக்கிறது. எடை குறைந்திருந்தால் உலோகம் வெளியேறியிருக்கிறது. அரம், அமிலம், அரிப்பு ஆகியவற்றில் ஒன்று வேலை செய்திருக்கிறது. நகைக்கடைத் தராசு போலக் கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறு மின்தராசு இதற்குத் தேவை.

மூன்றாவது, ஓரம். தகட்டிலிருந்து வில்லை வெட்டும்போது ஏற்கெனவே வெட்டிய துளையின் மேல் வெட்டுக்கருவி விழுந்தால், பிறை வடிவத்தில் ஒரு பகுதி குறைந்த வில்லை கிடைக்கும். அந்த இடத்தில் உலோகம் இல்லாததால், ஓரத்தை உருட்டும்போது அதற்கு நேர் எதிர்ப்புறத்திலும் அழுத்தம் சரியாக விழாது. எனவே உண்மையான அச்சுப்பிழைக் காசில் குறைக்கு எதிரே உள்ள விளிம்பு மங்கியிருக்கும். குறையை ஒட்டிய எழுத்துகள் அந்தப் பக்கமாக இழுபட்டிருக்கும். பிற்பாடு யாரோ வெட்டிய காசில் எதிர் விளிம்பு முழுமையாக இருக்கும். வெட்டிய முகத்தில் அரத்தின் இணைகோடுகள் தென்படும்.

எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. அதன் நாணயத் தொகுப்பு இந்தப் பாடத்துக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கையைச் சேர்க்கிறது. பழங்கால வெள்ளி முத்திரைக் காசுகளின் மூலைகள் வெட்டப்பட்டிருப்பதைச் சேதம் என்று கொள்ளக் கூடாது. எடையைச் சரிக்கட்டுவதற்காகச் செய்யும்போதே வெட்டினார்கள். அவற்றின் மேல் பின்னாளில் நாணயம் பார்ப்பவர்கள் இட்ட சிறு முத்திரைகளும் காணப்படுகின்றன. செய்முறையால் வந்த ஒழுங்கின்மை வேறு, கை மாறியதால் வந்த குறி வேறு. ஒரே காசில் இரண்டும் இருக்கலாம். பிற்காலத்தில் இதற்கு நல்ல சான்று, செம்பைச் சிக்கனப்படுத்த இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் 1943 முதல் அச்சிட்ட ஓட்டைக் காலணா. அதன் துளை வடிவமைப்பிலேயே உள்ளது. துளையைச் சுற்றி ஒழுங்கான விளிம்பு ஓடும். குழந்தையின் அரைஞாண் கயிற்றில் கோக்கவோ தாயத்தாகக் கட்டவோ பிற்பாடு துளைத்த காசில் துளையின் ஒரு பக்கத்தில் பிசிறு நிற்கும்; எழுத்தையோ உருவத்தையோ துளை குறுக்கே அறுத்துச் செல்லும்.

சென்னையின் சில்லறையில் இன்று மிகுதியாகப் பேசப்படுவது பத்து ரூபாய்க் காசு. தமிழ்நாட்டில் பல ஊர்களில் கடைக்காரர்கள் இதை வாங்கத் தயங்கிய காலம் உண்டு. சிலவற்றில் ரூபாய்க் குறியீடு இருப்பதும் சிலவற்றில் இல்லாததும், கோடுகளின் எண்ணிக்கை மாறுவதும் ஐயத்தைக் கிளப்பின. அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. வடிவ வேறுபாட்டைச் சேதமாகவோ போலியாகவோ எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

பத்து ரூபாயில் உண்மையான சேதம் நடுவில்லை கழல்வது. வெளிவளையம் 4.45 கிராம், நடுவில்லை 3.26 கிராம். இரண்டும் தனித்தனி உலோகக் கலவைகள். அச்சு விழும் அழுத்தத்தில் நடுவில்லை விரிந்து வளையத்தோடு இறுகிக்கொள்கிறது. பின்னர் தட்டிக் கழற்றினால் இரண்டு துண்டுகளிலும் உருவம் முழுமையாக இருக்கும். வளையத்தின் உட்சுவரில் தள்ளிய தடம் இருக்கும். நடுவில்லை இல்லாமலே வளையம் அச்சுக்குள் போயிருந்தால், தடுப்பார் இல்லாத உலோகம் உள்நோக்கிப் பிதுங்கித் துளையின் விளிம்பு ஒழுங்கற்றுப் போயிருக்கும். முதலாவது புழக்கச் சேதம், இரண்டாவது அச்சுப்பிழை.

பட்டறைகளிலிருந்து வரும் காசுகளும் நகரச் சில்லறையில் உண்டு. இரண்டு காசுகளைச் சேர்த்து வைஸில் இறுக்கினால் ஒன்றின் உருவம் மற்றொன்றில் இடவலம் மாறிப் பள்ளமாகப் பதியும். நாணயச்சாலையிலும் இதை ஒத்த பிழை நேர்வதுண்டு: அச்சான காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையில் அதன் கண்ணாடிப் பிம்பம் பள்ளமாக விழும். வேறுபாடு இதுதான்: உண்மையான பிழையில் பிம்பம் மட்டுமே இருக்கும், அந்தப் பக்கத்துக்குரிய இயல்பான உருவம் தோன்றவே இடமிராது. வைஸில் இறுக்கிய காசில் பழைய உருவத்தின் மேலேயே புதிய பிம்பம் ஏறியிருக்கும். பின்பக்கத்தின் மேடுகளும் தட்டையாகியிருக்கும்.

திருச்சி: பாலமும் தண்டவாளமும்

சென்னையிலிருந்து வரும் ரயில் கொள்ளிடத்தைக் கடந்து, ஸ்ரீரங்கம் நிலையத்தைத் தாண்டி, காவிரிப் பாலத்தில் ஏறும்போது ஜன்னலோரப் பயணிகள் கைகூப்பிக் காசை ஆற்றில் விடுவது நெடுநாள் வழக்கம். பாலத்தின் இரும்பில் பட்டுத் தெறிக்கும் காசின் விளிம்பில் கூர்மையான ஒற்றை வெட்டு விழுகிறது. ஆற்றில் விழுந்ததை மணல் தேய்க்கிறது. மணல் தேய்த்த காசின் பரப்பு முழுவதும் ஒரே சீராக மங்கியிருக்கும், கூர்முனைகள் உருண்டிருக்கும். கை பட்டுத் தேய்ந்த காசில் மேடான பகுதிகள் மட்டும் மழுங்கி, பள்ளங்களில் எழுத்து தப்பியிருக்கும்.

தண்டவாளத்தில் நசுங்கிய காசு இன்னொரு வகை. தண்டவாளத்தில் வைத்த காசு காந்தமாகிவிடும் என்பது தமிழ்ச் சிறுவர்களிடையே தலைமுறைகளாக உலவிய நம்பிக்கை. 1992க்குப் பின் வந்த ஒரு ரூபாய் 83 பங்கு இரும்பும் 17 பங்கு குரோமியமும் கலந்த எஃகு. அது ரயில் ஏறாமலே காந்தத்தில் ஒட்டும். ரயில் ஏறிய காசு நீள்வட்டமாகத் தட்டையாகும். சக்கரம் உருண்ட திசையில் எழுத்துகள் நீண்டிருக்கும். விளிம்பு கத்தி போல் மெலிந்து ஓரத்தில் சிறு வெடிப்புகள் காணும். எடை மட்டும் ஏறத்தாழ அப்படியே நிற்கும். சம்மட்டியால் அடித்த காசில் உலோகம் எல்லாத் திசையிலும் பரவியிருக்கும். அடித்த இடங்களில் வட்டத் தழும்புகள் இருக்கும். இத்தகைய காசைக் கண்டால் எடுத்துக்கொள்வது சேகரிப்பு; அதற்காகத் தண்டவாளத்தில் காசு வைப்பது உயிருக்கு ஆபத்து, குற்றமும்கூட.

கரூர்: மண்ணுக்குள் கிடந்தவை

திருச்சியிலிருந்து காவிரியின் தென்கரையோடு மேற்கே போகும் பாதை குளித்தலையைக் கடந்து கரூரை அடைகிறது. அமராவதி ஆற்றுப் படுகையில் சேரர் காசுகளும் ரோமானியச் செப்புக் காசுகளும் கிடைத்த ஊர் இது. மாக்கோதை, கொல்லிப்பொறை என்ற பெயர்கள் பொறித்த சேரர் நாணயங்கள் இங்கிருந்து வெளிப்பட்டவை. நாணயவியல் ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி இத்தகைய காசுகளைச் சேகரித்து ஆராய்ந்து நூல்களாக வெளியிட்டார். அருகிலுள்ள புகளூரின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று கருவூர்ப் பொன் வாணிகன் நத்தி என்பவரைக் குறிக்கிறது. உலோகத்தின் தரம் பார்த்து வாங்கி விற்றவர்கள் வாழ்ந்த ஊர் இது.

ஆற்று மணலில் கிடைக்கும் ரோமானியச் செப்புக் காசுகளில் பல, முகமும் எழுத்தும் அழிந்து வெறும் சிறு வில்லைகளாகவே எஞ்சியுள்ளன. அவற்றை அடையாளம் காண எடை, விட்டம், தடிப்பு, எங்கோ ஒரு மூலையில் தப்பிய கோடு ஆகியவையே துணை. சாய்வான ஒளியில் காசை மெல்லத் திருப்பினால், நேர் ஒளியில் தெரியாத உருவத்தின் நிழல் எழும்புவதுண்டு. இன்றைய சில்லறையில் தேய்ந்த காசுக்கும் இதே முறை பொருந்தும்.

மண்ணுக்குள் கிடந்த செம்பின் மேல் இரண்டு வகைப் பச்சை படியும். வழவழப்பாக, கெட்டியாக, கரும்பச்சையாகப் படிந்தது செம்பைக் காக்கும் போர்வை; அதைச் சுரண்டினால் அடியிலுள்ள எழுத்தும் போய்விடும். வெளிர்பச்சை நிறத்தில் மாவுபோல் உதிர்வது நோய். மண்ணின் குளோரைடு உப்பும் காற்றின் ஈரமும் சேர்ந்து செம்பைத் தொடர்ந்து அரிப்பதால் அது உண்டாகிறது. அத்தகைய காசைத் தனியே பிரித்து, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

வீட்டுக்குள்ளும் இதுபோன்ற மாற்றம் நடக்கிறது. குலதெய்வத்துக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் முடிந்துவைத்த காசு ஆண்டுக்கணக்கில் பூஜை அறையில் இருந்துவிட்டு உண்டியலுக்குப் போகும். துணியின் நெசவு காசின் மேல் குறுக்கும் நெடுக்குமான கறையாகப் படிந்திருக்கும். கற்பூரத் தட்டில் விழுந்த காசு ஒரு பக்கம் மட்டும் புகை ஏறிக் கறுத்திருக்கும். இவற்றைக் கழுவாமல் அப்படியே வைப்பதே முறை. புளியோ எலுமிச்சையோ விபூதியோ போட்டுத் தேய்த்தால், காசு எங்கிருந்து வந்தது என்பதற்கான சான்று கழுவுநீரோடு போய்விடும்.

புதுக்கோட்டை: வேண்டுமென்றே விழுந்த வெட்டு

திருச்சியிலிருந்து தெற்கே, அடுத்த நிறுத்தம் புதுக்கோட்டை. 1898இல் அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தின் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் புதையலாகக் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் காசுகள் இவற்றில் உள்ளன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜி. எஃப். ஹில் இந்தப் புதையலை விவரித்து எழுதினார். இவற்றில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை பேரரசரின் தலைமேல் உளி வெட்டு விழுந்தவை.

அந்த வெட்டை உற்றுப்பார்த்தால் சேதம் பற்றிய பாடம் முழுவதும் அதில் இருக்கிறது. வெட்டு எழுத்தையும் உருவத்தையும் குறுக்கே அறுத்துச் செல்வதால், அச்சான பிறகு விழுந்தது. பூப்பக்கத்தை விட்டுவிட்டுத் தலைப்பக்கத்திலேயே திரும்பத் திரும்ப விழுந்திருப்பதால், தற்செயல் என்று சொல்ல வழியில்லை. பொன் சீவி எடுக்கப்படவில்லை, இருபுறமும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே உலோகத் திருட்டும் நோக்கமில்லை. தேய்ந்து எடை குறைந்த காசுகளைப் புழக்கத்திலிருந்து விலக்க இட்ட குறி என்பது ஒரு விளக்கம். காசாகச் செல்லாமல் இனி எடைக்குப் பொன்னாக மட்டும் செல்லட்டும் என்பதற்கான அடையாளம் என்றும், அயல்நாட்டு அரசரின் உருவத்தை மறுத்த செயல் என்றும் வேறு விளக்கங்களும் உண்டு. ஆந்திர–தெலங்கானப் பகுதியில் அக்கன்பள்ளியில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளிலும் இத்தகைய வெட்டுகள் காணப்படுகின்றன. செம்பின் மேல் வெள்ளி பூசிய போலிகள் அக்காலத்தில் உலவியதால், வெள்ளிக் காசை வெட்டிப் பார்ப்பதற்குச் சோதனை என்ற காரணமும் பொருந்தும்.

புதுக்கோட்டைக்குச் சொந்தமான அம்மன் காசும் இங்கே கவனிக்கத்தக்கது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் விஜய என்ற எழுத்து. கையால் அடித்த பழைய அம்மன் காசுகளில் உருவம் ஒரு புறமாக ஒதுங்கியும் பாதி விடுபட்டும் இருப்பது இயல்பு. இயந்திரக் காசில் உருவம் அவ்வளவு விலகினால் அது அரிய பிழை. கைச்சம்மட்டிக் காசில் அது அன்றாட நடைமுறை. ஒரு குறையை மதிப்பிடுமுன் காசு எந்த முறையில் செய்யப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டியது இதனால்தான்.

ராமேஸ்வரம்: உப்பின் வேலை

காரைக்குடி, மானாமதுரை, ராமநாதபுரம் கடந்து ரயில் பாம்பன் கடலின் மேல் ஏறுகிறது. 1914இல் திறந்த பழைய பாலத்தின் அருகே எழுந்த புதிய தூக்குப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. உப்புக் காற்று இரும்பைத் தின்பதைத் தடுக்க இங்கே ஓயாமல் பாடுபட வேண்டியிருக்கிறது. அதே உப்பு, அக்னி தீர்த்தக் கடலில் நீராடுவோர் போடும் காணிக்கைக் காசுகளின் மேல் தடையில்லாமல் வேலை செய்கிறது.

கடலிலிருந்தும் ஆறுகளிலிருந்தும் கயிற்றில் கட்டிய காந்தத்தால் காசு எடுப்பவர்கள் உண்டு. காந்தத்தில் ஒட்டுவது எஃகுக் காசுகள் மட்டுமே. பித்தளை நிற ஐந்து ரூபாயும் பத்து ரூபாயும் ஒட்டாமல் அடியிலேயே தங்கிவிடும். அவற்றைக் கையால் துழாவியோ மணலைச் சலித்தோ எடுக்க வேண்டும். எனவே கடலிலிருந்து மீளும் காசுகளில் எஃகுக் காசு சில நாள் மட்டும் கிடந்ததாகவும், மற்றவை நெடுங்காலம் கிடந்தவையாகவும் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒவ்வொரு உலோகமும் கடலுக்கு ஒவ்வொரு விதமாக இணங்குகிறது. எஃகுக் காசை அதன் குரோமியம் தரும் மெல்லிய படலம் காக்கிறது. உப்பின் குளோரைடு அந்தப் படலத்தை ஆங்காங்கே துளைத்துவிடும். துளை விழுந்த புள்ளியில் அரிப்பு ஆழமாக இறங்கும். அதனால் கடல் கண்ட ஒரு ரூபாயின் பெரும்பரப்பு பளபளப்பாகவே இருக்க, ஊசி குத்தியதுபோல் கறுத்த குழிகள் மட்டும் சிதறியிருக்கும். குழியைச் சுற்றித் துருவின் செம்மை படர்ந்திருக்கும். ஐந்து ரூபாயில் 75 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம், 5 பங்கு நிக்கல். உப்புநீர் துத்தநாகத்தை முதலில் கரைத்தெடுப்பதால், மஞ்சள் நிறம் மாறிச் செம்பின் இளஞ்சிவப்பு வெளிப்படும். இதைக் கண்டு தவறான உலோகத்தில் அச்சான பிழைக்காசு என்று எண்ணுவோர் உண்டு. எடையும் கரடுமுரடான பரப்பும் உண்மையைச் சொல்லிவிடும். செம்பும் நிக்கலும் கலந்த பழைய இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய்க் காசுகள் கடலை நன்றாகத் தாங்கும். நிறம் மங்குமே தவிர எழுத்து எளிதில் அழியாது. பத்து ரூபாயில் இரண்டு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டிருப்பதால், சேரும் வட்டக்கோட்டை ஒட்டி அரிப்பு முனைப்பாக இருக்கும். 2011 ஜூன் இறுதியோடு செல்லாமற்போன அலுமினியப் பைசாக்கள் கடலில் வெண்மாவாகப் பொரிந்து ஓரம் தின்னப்பட்டுக் கிடைக்கும்.

அமிலத்தில் இட்ட காசும் கடல் காசும் முதற்பார்வையில் ஒத்திருக்கும். அமிலம் எல்லாப் பக்கமும் சமமாகக் கரைப்பதால் காசு முழுவதும் ஒரே அளவில் சிறுத்து மெலியும். எழுத்துகள் மெலிந்தாலும் இடம் மாறாமல் இருக்கும். கடல் அரிப்பு திட்டுத்திட்டாக இருக்கும். மணலில் புதைந்த பக்கமும் நீரைப் பார்த்த பக்கமும் வேறுபடும்.

சேகரித்தலும் பாதுகாத்தலும்

கடல் காசை எடுத்ததும் வாலை வடித்த நீரில் ஊறவைத்து, நீரை அடிக்கடி மாற்றி, உள்ளே புகுந்த உப்பை வெளியேற்ற வேண்டும். பிறகு மெல்லிய துணியில் ஒற்றி நன்றாக உலர்த்த வேண்டும். மற்றக் காசுகளுக்கு இந்த நீராட்டும் தேவையில்லை. விலை மலிந்த பிவிசி ஆல்பங்களில் வைத்தால், பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் பொருள் காசின் மேல் பச்சைப் பிசினாகப் படிந்து புதிய சேதத்தை உண்டாக்கும். அமிலமற்ற காகித உறையோ, மைலார் ஜன்னல் வைத்த அட்டை உறையோ பாதுகாப்பானது. ஓரத்தைப் பிடித்தே காசை எடுக்க வேண்டும்.

உறையின் மேல் எழுத வேண்டியவை: கிடைத்த நாளும் ஊரும், மதிப்பு, ஆண்டு, நாணயச்சாலைக் குறி, எடை, விட்டம், காந்தத்தில் ஒட்டுகிறதா என்ற விவரம், காயம் எந்தப் பக்கம், ஊகித்த காரணம், அதற்கான சான்று. காரணத்தையும் சான்றையும் தனித்தனியாக எழுதுவது இன்றியமையாதது. தண்டவாளத்தில் நசுங்கியது என்பது ஊகம். எழுத்து ஒரே திசையில் நீண்டிருக்கிறது, எடை 4.8 கிராம் என்பது சான்று. பிற்காலத்தில் ஊகம் திருத்தப்படலாம், சான்று அப்படியே பயன்படும்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் காசை உருக்குவதையும் அழிப்பதையும் தடை செய்கிறது. சிதைக்கப்பட்ட நாணயங்களை வைத்திருப்பதற்கும், முகமதிப்பை விடக் கூடுதல் விலைக்கு விற்கும் நோக்கத்தோடு தேவைக்கு மீறிக் காசு குவிப்பதற்கும் அதில் கட்டுப்பாடு உண்டு. வெட்டுதல், அராவுதல், முத்திரை குத்துதல் முதலியன இயல்பான தேய்மானத்திலிருந்து பிரித்தறியக்கூடிய சிதைவுகள் என்று சட்டமே வரையறுக்கிறது. எனவே சேதத்தைத் தானே உண்டாக்குவதும், அதை அரிய பிழை என்று விற்பதும் கூடவே கூடாது. பழைய காசுகளை லட்சக்கணக்கில் வாங்குவதாக, தன் பெயரைப் பயன்படுத்தி நடக்கும் மோசடிகளைப் பற்றி ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்தது. புழக்கச் சேதம் கண்ட காசுக்குச் சந்தையில் தனி விலை கிடையாது. அது தரும் பயன் அறிவு மட்டுமே, அந்தப் பயன் பெரிது.

தொகுப்பை அடுக்கும்போது மதிப்பு வாரியாகவோ ஆண்டு வாரியாகவோ அடுக்குவதை விட, காரணத்தின் வாரியாக அடுக்குவது நல்லது: வில்லையில் நேர்ந்தவை, அச்சில் நேர்ந்தவை, தேய்மானம், அழுத்தம், வெட்டும் துளையும், நெருப்பும் புகையும், நீரும் உப்பும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதே மதிப்பும் அதே வரிசையும் கொண்ட முழுமையான காசு ஒன்றை வைக்க வேண்டும். சேதத்தின் அளவையும் திசையையும் காட்டுவது அந்த ஒப்பீடுதான்.